மடக்கு பெஞ்சுக்குப் பொட்டு

அத்தியாயம் 11

திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் பால்பாண்டி இறங்கியபோது மணி பன்னிரண்டரை. ஒரு கையில் மில்லில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலம், இன்னொரு கையில் ஒரு டஜன் திருகாணி. முகத்தில் பாதி ஜெயித்துவிட்ட களை. பாவம், வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பால்பாண்டி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் பிட்டர். மரவேலை அவனுக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். ஆனால் ஒரு துண்டுப் பலகை கிடந்தால் போதும், இவன் கை சும்மா இருக்காது. வீட்டில் சமையலறையை ஒட்டி எட்டுக்கு ஏழில் ஓர் அறை. அதில் கிழக்குச் சுவரோரம் மனைவி ராஜேஸ்வரியின் கிரைண்டர். தெருவில் பதினெட்டு வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறவள் அவள். மேற்குச் சுவரில் ஆணியில் தொங்குவது பால்பாண்டியின் மடக்கு பெஞ்சு.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ராஜேஸ்வரியின் அண்ணன் ஆண்டிச்சாமி கொண்டுவந்த சாமான் அது. மடக்கினால் சுவரோடு சுவராக நிற்கும். விரித்தால் நாலு கால், மேலே இரண்டு நீளப் பலகை. கைப்பிடிகளைத் திருகினால் பலகை இரண்டும் நெருங்கிவந்து நடுவில் வைத்த மரத்தை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். கீழே, காலால் மிதித்துக்கொண்டு வேலை செய்ய ஒரு படிப்பலகை. காலை ஒன்பது வரை அறை அவளுக்கு, மில்லிலிருந்து திரும்பிய பிறகு அவனுக்கு என்று இரண்டு வருஷமாக ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் அது முறிந்தது. "ரெண்டு வருசத்துல இந்தப் பெஞ்சுல என்ன செஞ்சிருக்கீக? ஒரு முக்காலி, ஒரு டி.வி. ஸ்டாண்டு, ஒரு கோணக் கண்ணாடிச் சட்டம். அந்தச் சுவத்துல இன்னொரு கிரைண்டர் போட்டா இன்னும் இருவது வீட்டுக்கு ஆட்டுவேன்" என்றாள் ராஜேஸ்வரி. எதிர்வீட்டு அக்கா பொன்னுத்தாயின் முன்னால் சூடம் கொளுத்திப் பந்தயம் கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு வெள்ளத்துரை அண்ணாச்சி புதிதாகத் திறக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரு கதவு. பால்பாண்டி கைக்கு வந்த முதல் ஆர்டர். அதைச் சொன்ன நேரத்தில் செய்து கொடுத்தால் பாதி அறை என்றைக்கும் அவனுக்கு. இல்லாவிட்டால் பெஞ்சு பரணுக்கு.

பூத் திறப்பு நாளை விஜயதசமி, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். எனவே இன்று சாயங்காலம் ஆறரைக்கு அண்ணாச்சி அனுப்பும் வண்டியில் கதவு கடைக்குப் போயாக வேண்டும். பெரிய வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இழைக்க வேண்டும், கீல் உட்கார இரண்டு பள்ளம் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கதவைப் பக்கவாட்டில் நிறுத்திப் பெஞ்சின் வாயில் கொடுத்து இறுக்கிவிட்டு, மில் பூஜைக்கு விடிகாலை பஸ்ஸைப் பிடித்திருந்தான் பால்பாண்டி.

"ராஜேசு! ரெண்டு மணி நேரத்துல கதவ முடிச்சிருவேன். அப்புறம் குளிச்சிட்டு வந்து நம்ம பூசையப் போட்ருவோம்" என்று வாசலிலேயே குரல் கொடுத்தான்.

"பூசையா? அது காலையிலயே முடிஞ்சிருச்சே" என்றபடி சுண்டல் கிண்ணத்தோடு வந்தாள் ராஜேஸ்வரி. "மூணுலருந்து நாலரை ராகுகாலம். அதுக்கப்புறம் கரண்டு இருக்குமோ இருக்காதோ. அதான் பத்தரைக்கு மேல நல்ல நேரத்துலயே போட்டுட்டேன். சுண்டல் தின்னுங்க."

பால்பாண்டி சுண்டலை வாங்கவில்லை. அறைக் கதவைத் திறந்தான்.

கிரைண்டருக்கு மாலை. அது வழக்கம். மணையில் வாழையிலை விரித்து இழைப்புளி, உளி, ரம்பம், மரச்சுத்தியலான கொட்டாப்புளி எல்லாம் வரிசையாகப் பொட்டோடு படுத்திருந்தன. நடுநாயகமாக மடக்கு பெஞ்சு. நாலு காலிலும் விபூதிப் பட்டை. கைப்பிடிகளில் சந்தனம், குங்குமம். படிப்பலகையில் மூன்று பொட்டு. விரல் நசுங்குவதாகப் படம் போட்டுச் சிங்கப்பூரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டில், அந்த விரலுக்கும் ஒரு பொட்டு. இத்தனைக்கும் மேலே கதம்பம் சுற்றி, நடுவில் கவ்விய கதவோடு பெஞ்சு ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் விடிந்து மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை கை வைக்கக்கூடாது. மறுபூஜை முடிவதற்கும் பூத் திறப்பதற்கும் சரியாக இருக்கும்.

"பெஞ்சுக்கு எதுக்குடி பொட்டு வச்ச?"

"ஆயுதம்னா வைக்கணும்ல?"

"இது ஆயுதமா? இது மேசைடி!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பெஞ்சின் மேல் ராஜேஸ்வரி துணி தேய்த்தபோதும், வற்றல் காயப்போட்டபோதும், 'இது மேசை இல்லடி, கருவி!' என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தியவன் இதே பால்பாண்டிதான்.

ராஜேஸ்வரியும் மறக்கவில்லை. "சரி, மேசைன்னே வச்சுக்குவோம். நாளையிலருந்து அதுமேல வெங்காயம் நறுக்குறேன்."

"நறுக்கக் கூடாது."

"அப்ப ஆயுதம்."

"ஆயுதந்தான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மேசை."

இந்த வழக்கைத் தீர்க்கப் பொன்னுத்தாய் வரவழைக்கப்பட்டாள். வழக்கே இல்லாத நாளிலும் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவள் அவள். பால்பாண்டி முன்பு செய்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சுண்டல் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"பூசையில வச்சதத் தொட்டா வருசம் பூரா தொழில் படுத்துக்கிரும். கை வைக்காத" என்றாள்.

"ஏக்கா, நான் வந்த பஸ்ஸுக்கு வாழைக்கன்னு, மாலை, சந்தனம் எல்லாம் வச்சிருக்கு. ஓடத்தான செய்யுது?"

"ஏலே, அது கவர்மெண்டு பஸ்ஸு. தொழில் படுத்தாலும் மாசம் பொறந்தா அவுகளுக்குச் சம்பளம். ஒனக்கு யாரு தருவா?"

வழக்கில் தோற்ற மனுஷனுக்குப் புத்தியும் மழுங்கிவிடும் போலிருக்கிறது. பால்பாண்டி மனைவி பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியும்டி. நீ வேணும்னே செஞ்சிருக்க. ரெண்டாவது கிரைண்டருக்குச் சுவரு வேணும். அதுக்குச் சாமியத் துணைக்குக் கூப்பிட்டிருக்க."

ராஜேஸ்வரி சுண்டல் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் போனது இதுதான் முதல்முறை. ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

பொட்டு வைக்காத ஓர் இழைப்புளியும் உளியும் வேண்டும். ஆயுத பூஜையன்று இது லேசில் கிடைக்கிற பொருளா? மரக்கடையில் ரம்பம் முதல் சீவல் கூடை வரை சந்தனம். சைக்கிள் கடையில் காற்றடிக்கிற பம்புக்கு மாலை. இளநீர்க்காரர் மட்டும் அரிவாளுக்குப் பொட்டு வைத்துவிட்டு அதே அரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நியாயம் கேட்கலாம், ஆனால் அரிவாளால் கதவை இழைக்க முடியாது.

பஸ் ஸ்டாண்டில் வீரசோழன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வீரசோழனில் சிக்கந்தர் இருக்கிறான். முன்பு மில்லில் கூட வேலை பார்த்தவன், இப்போது சொந்த ஊரில் கட்டில், ஜன்னல் செய்கிறான். அவன் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது! பால்பாண்டி ஓடிப்போய் ஏறினான்.

சிக்கந்தர் கதையைக் கேட்டுவிட்டு, பிடித்திருந்த கட்டில் காலைக் கீழே வைத்துச் சிரித்தான்.

"இழைப்புளி தாரேன், உளி தாரேன், கொட்டாப்புளியும் தாரேன். ஏலே பாண்டி, ஒன்னு கேக்குறேன். கதவு எங்க இருக்கு?"

"பெஞ்சு வாயில."

"இழைக்க வேண்டிய ஓரம் மேல பாத்தா இருக்கு?"

"ஆமா."

"அப்ப பெஞ்ச எதுக்குத் தொடுற? அது பாட்டுக்குக் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கட்டும். நீ பாட்டுக்கு மேல இழை."

பால்பாண்டிக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. திருச்சுழியில் ஒருத்தருக்கும் தோன்றாத நியாயம் வீரசோழனில் கிடைத்துவிட்டது.

"இன்னொன்னு" என்றான் சிக்கந்தர். "போன வருசம் ஒன் சம்சாரம் கிரைண்டருக்குப் பொட்டு வச்சுச்சா?"

"வச்சா."

"பெஞ்சுக்கு?"

பால்பாண்டி யோசித்தான். போன வருஷம் பெஞ்சுக்கு வைக்கவில்லை. கிரைண்டர், அம்மி, அரிவாள்மணை, சைக்கிள் வரை வைத்தாள், பெஞ்சைத் தொடவில்லை. அதற்காக இவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். 'வெளையாட்டுச் சாமானுக்கெல்லாமா பொட்டு வைப்பாக?' என்று அவள் அப்போது கேட்டதும் ஞாபகம் வந்தது.

"அப்ப இந்த வருசந்தான் அது ஒன் தொழில்னு ஒத்துக்கிட்டிருக்கு. நீ என்னடான்னா சண்டையப் போட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்க. எங்களுக்கு இந்தப் பொட்டெல்லாம் கெடையாது, எனக்கே வெளங்குது."

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் பால்பாண்டி நின்றுகொண்டேதான் வந்தான். தன்னைத்தானே நாலு கேள்வி கேட்டுக்கொள்ள நிற்பதுதான் வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. பொன்னுத்தாய் இன்னும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளிடம் தன் கட்சியைச் சொன்னான்: கதவு ஆயுதமில்லை, சரக்கு. இழைப்புளி வீரசோழன் இழைப்புளி. பெஞ்சைத் தான் தொடப்போவதே இல்லை, வேலை முடிந்ததும் கதவை மட்டும் மேல்வாக்கில் உருவி எடுத்துவிடலாம். பொன்னுத்தாய் ஒரு கொய்யாப்பழம் தின்று முடிக்கும்வரை யோசித்தாள்.

"மேல படாம செஞ்சா சரி. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று அனுமதி கொடுத்தாள்.

பால்பாண்டி இழைப்புளியைக் கதவின் ஓரத்தில் வைத்துத் தள்ளினான். சீவல் சுருண்டு விழுந்தது. பெஞ்சும் ஒரு விரற்கடை நகர்ந்தது.

படிப்பலகையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் இந்தப் பெஞ்சில் இழைக்க வேண்டும். இல்லாவிட்டால் தள்ளுகிற வேகத்துக்குச் சிமெண்டுத் தரையில் பெஞ்சும் சேர்ந்து போகும். இன்றைக்கோ படிப்பலகையில் மூன்று பொட்டு. கையே படக்கூடாது என்கிற இடத்தில் காலை வைப்பதாவது!

பத்துத் தள்ளலில் பெஞ்சு மாலை ஆட அரையடி நகர்ந்து கிரைண்டரைப் பார்த்துப் போனது. ராஜேஸ்வரி அவசரமாக வந்து குத்துவிளக்கை ஓரமாக எடுத்து வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அரிசி மூட்டைய அண்டக் கொடுத்தா என்ன?" என்று கேட்டான் பால்பாண்டி.

"மூட்டை தொட்டாலும் தொட்டதுதான்" என்றாள் பொன்னுத்தாய்.

ஓரம் ஒருவழியாக இழைத்தாயிற்று. ஒரு கீல் பள்ளமும் வெட்டியாயிற்று. அதற்குள் பெஞ்சு சுவருக்கும் கிரைண்டருக்கும் நடுவே குறுக்காக நின்றது. இரண்டாவது கீலுக்கு அடையாளம் போட்டுக்கொண்டே பால்பாண்டி தொண்டையைக் கனைத்தான்.

"ராஜேசு, மத்தியானம் நான் சொன்னது..."

"சொன்னது சொன்னதுதான். வேலையப் பாருங்க."

"இல்ல, போன வருசம் நீ வைக்கல. இந்த வருசம் வச்சிருக்க. அது எனக்கு இப்பத்தான்..."

"அதான் வேலையப் பாருங்கன்னேன்ல."

அவள் குரல் கம்மியிருந்தது. அதைக் கேட்ட பதற்றத்தில் பால்பாண்டி கொட்டாப்புளியை ஓங்கி ஒரு போடு போட்டான். பெஞ்சு குதித்தது. ஒருபக்கக் கால் மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியது. ஆறரையடிக் கதவு, பெஞ்சோடும் மாலையோடும், கிரைண்டரைப் பார்த்துச் சாய்ந்தது.

பால்பாண்டியின் ஒரு கையில் உளி, இன்னொரு கையில் கொட்டாப்புளி. பொன்னுத்தாயின் கையில் இரண்டாவது கொய்யா. ராஜேஸ்வரிதான் பாய்ந்தாள். இரண்டு கையாலும் கதவைத் தாங்கி, வலது காலைத் தூக்கிப் படிப்பலகையின் மேல் நங்கென்று வைத்தாள். மடங்கப்போன பெஞ்சுக் கால் விறைத்து நின்றது. பெஞ்சு அசையவில்லை.

"ஏத்தா! சாமிக்கு வச்சதுல கால வச்சிட்டியே!" என்று கத்தினாள் பொன்னுத்தாய்.

"கால் வைக்கத்தான் மதினி இந்தப் பலகை. அவுக வச்சா அவுக தொழில் படுத்துக்கிரும்னு சொன்னீக. இது என் காலு." புருஷனைப் பார்த்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? வெட்டுங்க."

பால்பாண்டி உளியை வைத்தான். சரியாக அந்த நேரத்தில் வாசலில் செருமல் கேட்டது.

வெள்ளத்துரை அண்ணாச்சி. ஆறரைக்கு வண்டி அனுப்புகிறேன் என்றவர், மனசு கேட்காமல் ஐந்தரைக்கே நேரில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, அக்குளில் சுருட்டிய பஞ்சாங்கம். பூத் திறக்க நேரம் பார்த்துப் பார்த்து இரண்டு முறை தேதியை மாற்றிய மனுஷர். அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மாலை போட்ட பெஞ்சு. அதன்மேல் ஒரு பெண்ணின் கால். உளியோடு குனிந்து நிற்கும் பால்பாண்டி.

"பாண்டி, இன்னைக்கு ஆயுத பூசைதான?"

"ஆமா அண்ணாச்சி."

"பூசையில வச்ச சாமான்லயா என் கதவச் செய்யுற? மொத மொத தொழில் தொடங்குறேன்யா நான். இந்தக் கதவ வாங்கிட்டுப் போயி நான் எப்படி மாட்டுவேன்?"

சரக்கு வேறு, ஆயுதம் வேறு, இழைப்புளி வீரசோழன் இழைப்புளி என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பால்பாண்டிக்குக் கதவு போச்சு, அறையும் போச்சு என்பது மட்டும்தான் தெரிந்தது. சூடம் கொளுத்திய பந்தயம் வேறு. ராஜேஸ்வரி ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும், மேற்குச் சுவர் அவளுக்கு.

அவள் பேசினாள். காலை எடுக்காமலே பேசினாள், எடுத்தால் கதவு விழுந்துவிடும்.

"அண்ணாச்சி, இந்தப் பெஞ்சு எங்க அண்ணன் எனக்குக் குடுத்தது. பொட்டு வச்சதும் நாந்தான், கால் வச்சதும் நாந்தான். இவுக விரல்கூடப் படல. மதினிகிட்டயே கேளுங்க. குத்தம்னு ஒன்னு வந்தா அந்தா இருக்குல்ல என் கிரைண்டரு, அதுக்கு வரட்டும். ஒங்க கதவுக்கு ஒன்னும் வராது."

வெள்ளத்துரை பொன்னுத்தாயைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொன்னுத்தாய்க்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. "கை படல. அது நெசம்" என்று மட்டும் முனகினாள்.

அவர் கதவின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். வெட்டிய கீல் பள்ளத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் கோயிலுக்குப் போயி அய்யரைக் கேட்டுட்டு முடிவு பண்றேன். ஆறரைக்கு வண்டி வந்தா கதவு எனக்கு. வரலன்னா நீ வேற ஆளப் பாத்துக்க."

படியிறங்கிப் போனார். பொன்னுத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள். எதற்கென்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

அறையில் இரண்டு பேர் மட்டும். பால்பாண்டிக்கு அழுகை வரும்போலிருந்தது. ஆறரைக்கு வண்டி வராது என்றுதான் அவனுக்குப் பட்டது. ஆனால் அவன் நினைப்பு வண்டியில் இல்லை. பதினெட்டு வீட்டுக்கு ஆட்டும் கிரைண்டரை இவள் இப்படிச் சட்டென்று தூக்கி நடுவில் வைத்துவிட்டாளே என்பதில்தான் இருந்தது.

"நெசமாவா சொன்ன? குத்தம் கிரைண்டருக்கு வரட்டும்னு?"

"வெளையாட்டுக்குச் சொல்ற சொல்லா அது?" என்றாள் ராஜேஸ்வரி. கதவைத் தாங்கிய கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். "வண்டி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, பாதிக் கதவோட விடாதீக. வெட்டுங்க. காலு மரத்துப் போச்சு."